நடு முகம்

எதிர் இருக்கையில் யாராவது ஒரு கண்ணை மட்டும் சுருக்கினால் போதும், ரென்ஸ்கே இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விடும். கண் மாறுகண்ணாக வெளிப்பக்கம் ஓடுகிறதா, வெறும் வெயிலா என்று முடிவு கட்டாமல் பேருந்தைவிட்டு நகர மாட்டாள். பிறந்தநாள் வீடுகளில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டால், அவளுக்கு நேர் எதிர் நாற்காலி கடைசியாகத்தான் நிறையும். "கேக்கைத் தின்னு ரென்ஸ்கே, எங்க கண்ணைத் தின்னாத" என்பான் மைத்துனன்.

நெதர்லாந்தின் வடகோடியில், குரோனிங்கனில் ஒரு மருத்துவமனையில், இரு கண்ணும் சேர்ந்து பார்க்க மறுக்கும் பிள்ளைகளைச் சோதிப்பது அவள் வேலை. கண் எவ்வளவு விலகுகிறது என்று அளக்கக் கண்ணாடிப் பட்டகங்கள் இருக்கின்றன. அந்தக் கண்ணோடு பிள்ளை எப்படி வாழ்கிறது என்று அளக்க ஓர் அட்டைதான்: வாய்கொள்ளாச் சிரிப்பு முதல் அழுகை வரை ஐந்து முகங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றைத் தொட வேண்டும்.

அட்டையைத் தயாரித்தவர்களுக்கு இந்த ஊர்க்காரர்களைத் தெரியாது. கல்யாண விருந்து அமிர்தமாக இருந்தால் "இதைவிட மோசமா இருந்திருக்கலாம்" என்பார்கள். கூரையே பறந்துபோனால் "கொஞ்சம் காத்து" என்பார்கள். பிள்ளைகளும் அப்படித்தான். மற்ற நான்கு முகங்களும் புத்தம்புதிதாக இருக்க, நடு முகத்துக்கு மட்டும் மூக்கு தேய்ந்துவிட்டது.

ஆகவே ரென்ஸ்கே அட்டையை மடியில் போட்டுக்கொண்டு வம்பு பேசுவாள். அதற்கு முன் பெற்றோரைக் காப்பிக்குத் துரத்துவாள். "உங்க வாய் உங்களுக்கு, அவ வாய் அவளுக்கு. காப்பி மெஷின் அந்தக் கோடியில."

போன வாரம் ஒன்பது வயது ஃபென்னா வந்தாள். களைத்தால் வலது கண் ஜன்னல் பக்கம் போய்விடும். அறுவை சிகிச்சையா, இன்னும் ஒரு வருடம் பொறுப்பதா என்று டாக்டர் தெய்சன் அன்று முடிவு செய்வதாக இருந்தது. டாக்டர் தெற்கத்திக்காரர், சைக்கிள் பஞ்சரானாலே கண்கலங்கும் ஊர். "அவளுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அப்பா ஹார்ம் காப்பிக்குப் போனான்.

"வெயில்ல ஒரு கண்ணை மூடிக்குவியா?" நடு முகம்.

"பசங்க எதாவது சொல்றாங்களா?" நடு முகம்.

"சரி, அதை விடு. ஸ்கூல் டூர் போட்டோவுல எங்க நிப்ப?"

"நிக்க மாட்டேன். நான்தான் எடுப்பேன்."

"எப்பவுமேவா?"

"பிறந்தநாள்லயும் நான்தான். கேமரா கையில இருந்தா யாரும் நம்மளப் பாக்க மாட்டாங்க."

வாசலில் ஹார்ம், இரண்டு கையிலும் காப்பி. "இவளுக்குப் போட்டோன்னா உசுருன்னு நெனச்சோம். நல்ல கேமராவாப் பாத்து வாங்கிக் குடுத்தோம்."

"கேமரா நல்லாத்தான்பா இருக்கு" என்று ஃபென்னா அவனைத் தேற்றினாள்.

ரென்ஸ்கே தொலைபேசியை எடுத்தாள். "டாக்டர், எல்லாத்துக்கும் நடு முகம்தான். இல்ல, பொறுக்க முடியாது. உங்க ஊரு நடு இல்ல இது, எங்க ஊரு நடு. உங்க ஊர்ல தரையில உருண்டு அழுவாங்களே, அது." சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஃபென்னாவிடம் கேட்டாள்: "கோடை லீவுக்கு முன்னாடி ஆபரேஷன். உனக்குச் சம்மதமா?"

"வலிக்குமா?"

"கொஞ்ச நாள் கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி இருக்கும்."

ஃபென்னா யோசித்தாள். "அப்ப சரி."

ஹார்ம் இரண்டு காப்பியையும் மேசையில் வைத்தான். தோளில் கைவைத்து ஆறுதல் சொல்வதெல்லாம் அங்கே வழக்கமில்லை. ஒரு காப்பிக்கு ஒரே ஒரு பிஸ்கட்தான் அந்த ஊர்க் கணக்கு. எடுத்த கையோடு டப்பாவை மூடிவிடுவார்கள். ரென்ஸ்கே டப்பாவைத் திறந்து நீட்டினாள். அவன் ஒன்று எடுத்தான். அவள் மூடியை மேசை இழுப்பறைக்குள் போட்டு அடைத்துவிட்டு, டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினாள்.