மகளை முந்திக்கொண்டு நான் சொன்ன பதில்

அன்று பள்ளிக்கூட அதிபர் அறையில் நான்கு பேர் இருந்தோம்: அதிபர், வகுப்பு டீச்சர், என் மகள், எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட நான். பதினோராம் வகுப்புக்குப் பிறகு உயர்தரத்தில் மகள் எந்தப் பிரிவு படிப்பது என்று முடிவெடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

"கலைப்பிரிவு எடுத்தா இவ யுனிவர்சிட்டி கெம்பஸ் போயிருவா. விஞ்ஞானத்துக்கு எங்ககிட்ட டீச்சரே இல்லீங்க," என்றார் டீச்சர்.

மகள் ஏதோ சொல்ல வந்தாள். கலை படித்தால் கடைசியில் என்னைப்போல் தேயிலைக் கொழுந்துதான் எடுப்பாள் என்ற பயத்தில் நான் முந்திக்கொண்டேன்.

"விஞ்ஞானமே போடுங்க சார். ட்யூஷனுக்கு ஹட்டன் டவுனுக்கு அனுப்புறேன்."

அதிபர் சிரித்தார். "படிக்கப்போறது நீங்களா, அவளா?"

நானும் சிரித்துவைத்தேன். மகள் சிரிக்கவில்லை.

உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடத்திலும் தவறினாள். "அன்னைக்கு என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா," என்றாள், அவ்வளவுதான். இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். ட்யூஷனுக்காக நான் அடகு வைத்த சங்கிலியை மீட்க, அவள்தான் மாதாமாதம் பணம் அனுப்புகிறாள். இன்னும் நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் பாக்கி.