குழாயடிப் பக்கம் கதவு வைத்த ஏட்டம்மா

ரேஷன் கடை வரிசையில் நின்றபோதுதான் செய்தி வந்தது. எனக்கு முன்னால் நாலு பேர் இருந்தார்கள். பின்னால் நின்ற ஜெசிந்தா என் தோளைத் தொட்டு, "யக்கா, நம்ம ஏட்டம்மா தவறிட்டாவளாம். ஏரல்ல இருந்து போன் வந்துச்சு" என்றாள். "எப்போ?" என்றேன். "காலையிலயாம். நெஞ்சு வலி." அதற்குள் என் முறை வந்துவிட்டது. மெஷினில் விரலை வைத்தேன், அது எடுக்கவில்லை. சேலையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். சீனியும் பருப்பும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாளை மீனை ஆய்ந்து குழம்பு வைத்தேன். குழம்பில் உப்புக்கூடச் சரியாகத்தான் இருந்தது. அழுகை வரவில்லை. இதை எழுதும் இன்று வரைக்கும் வரவில்லை. வந்ததாக எழுத எனக்கு மனசில்லை.

அவர் பெயர் சண்முகக்கனி, போலீசில் ஏட்டு. யூனிபார்ம் சட்டையில் அந்தப் பெயர் இருக்கும். நம் தெருவில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நமக்கு அவர் ஏட்டம்மா. கல்யாணமாகிப் புதிதாக இந்தத் தெருவுக்கு வந்த பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

கடற்கரைத் தெருக்களில் போலீசும் சனங்களும் பழக வேண்டும் என்று அரசாங்கம் பணம் ஒதுக்கிய காலம் அது. வலை பின்னும் கொட்டகைக்குப் பக்கத்தில் தகரக்கூரை போட்டு ஓர் அறை கட்டினார்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு காற்றாடி, தூணில் ஒரு கேமரா, மேசை மேல் ஒரு நீள நோட்டு. அவ்வளவுதான் காவல் மையம். தெருவில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. போலீஸ் ஒரு வீட்டு வாசலில் நின்றால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வராது என்று நினைக்கிற ஊர் நம்முடையது. எந்தச் சண்டையானாலும் ஊர்க் கமிட்டி பார்த்துக்கொள்ளும். கமிட்டியில் இருப்பவர்கள் எல்லாரும் ஆம்பிளைகள் என்பதை அப்போது நாம் யாரும் யோசித்ததில்லை.

அவர் வந்த முதல் நாள் என் வீட்டு வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவர், "யக்கா, என்னது இது, கடலையே மோந்து குடுத்துட்டியளா?" என்றார். அந்த வாரமே தெருப் பெண்கள் இருபது பேரிடம் கையெழுத்து வாங்கி மாநகராட்சிக்குப் போனார். அவர் எழுதிய முதல் மனு திருடனைப் பற்றியது இல்லை, குடிதண்ணீரைப் பற்றியது. மையத்துக்குப் பின்னால் இப்போது இருக்கிற குழாய் அப்படி வந்ததுதான்.

குழாய் வந்த பிறகு அவர் செய்த காரியத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மையத்துக்குத் தெருப் பக்கம்தான் வாசல். அந்த வாசலில் ஒரு பொம்பளை ஏறினால் டீக்கடை முழுக்கப் பார்க்கும். ஒரு மாதம் முழுக்க ஒருத்தியும் ஏறவில்லை. ஏட்டம்மா ஆசாரியைக் கூப்பிட்டுப் பின்பக்கத் தகரத்தை அறுத்து, குழாயடியைப் பார்த்து ஒரு சின்னக் கதவு வைத்தார். மேலதிகாரி கேட்டதற்கு, "காத்து வரலை சார்" என்றாராம். அதன் பிறகு பெண்கள் தண்ணீருக்குப் போவதுபோல் போய், குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, அந்தக் கதவுக்குள் நுழைந்து பேசிவிட்டு வந்தார்கள். குடம் நிறைவதற்குள் பேசி முடித்துவிட வேண்டும். யார் வந்தாலும் அவர் பெயர் கேட்க மாட்டார். பச்சைக் குடம், மஞ்சள் குடம் என்றுதான் சொல்வார்.

நோட்டிலும் எழுத மாட்டார். ஒரு தடவை நான் கேட்டேன், "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு ஒண்ணும் எழுத மாட்டேங்கியளே?" என்று. அதற்கு அவர், "எழுதணுமா வேண்டாமான்னு அடி வாங்கினவதான் சொல்லணும் யக்கா. நானும் சொல்லக்கூடாது, நீங்களும் சொல்லக்கூடாது" என்றார். எழுதச் சொன்ன ஒருத்திக்காக அவர் ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் நாலு நாள் அலைந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் எழுத வேண்டாம் என்றார்கள். அவரும் எழுதவில்லை.

பெண்கள் காவல் குழு என்று ஒன்று சேர்த்து என்னைத் தலைவியாக்கினார். அரசாங்கத்துப் பணத்தில் தொப்பியும் விசிலும் வந்தது. டீக்கடை அண்ணாச்சி என்னைக் கண்டால், "ஏலே, எல்லாவனும் எந்திரிங்கலே, டி.எஸ்.பி. அம்மா வாராவ" என்பார். நான் கண்டுகொள்ள மாட்டேன். அந்தத் தொப்பியோடு எடுத்த படத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினேன். ஏட்டம்மா அதைப் பார்த்துச் சிரித்து, "யக்கா, கோயில் கொடிமரம்கூட இம்புட்டு நிமிந்து நிக்காது" என்றார்.

ஒரு நாள் மத்தியானம் அவர் என் வீட்டுக்கு வந்து, டீ குடித்துக்கொண்டே, "செவப்புக் குடம் உங்க வீட்டுதா யக்கா?" என்று கேட்டார். நான், "இல்லையே, எங்க வீட்டுல எல்லாம் நீலக் குடம்தான்" என்றேன். எனக்குப் பின்னால் அடுக்களை வாசலில் சிவப்புக் குடம் ஈரத்தோடு இருந்தது. அவர் அதைப் பார்த்தார். "சரி யக்கா" என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

என் மகன் சங்கு குளிக்கப் போகிறவன். மத்தியானம் கரையேறினால் நேரே குடிக்கப் போவான். குடித்துவிட்டு வந்து என் மருமகள் ஸ்டெல்லாவை அடிப்பான். நான் அடுக்களையில் இருப்பேன். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைப்பேன். நான் செய்தது அதுதான்.

அடுத்த நாளிலிருந்து ஏட்டம்மா வள்ளம் கரையேறுகிற நேரத்துக்குக் கரையில் போய் நின்றார். என் மகனைப் பார்த்ததும், "ஏலே தம்பி, இன்னைக்குத் தண்ணி தெளிவா இருந்துச்சா? மூச்சு நல்லா நின்னுச்சா?" என்று பேசிக்கொண்டே அவனோடு நடந்து வருவார். சாராயக்கடைத் திருப்பத்தைத் தாண்டி வீட்டு வாசல் வரைக்கும் வந்து, "யக்கா, உங்க பிள்ளைய ஒப்படைச்சாச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார். "நான் என்ன களவாணியா, கூடவே வாரியோ?" என்று அவன் ஒரு நாள் கத்தினான். "நீ களவாணியா இருந்தா எனக்கு லேசுலே, ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும்" என்றார். மழை நாள் தவிர மற்ற நாளெல்லாம் வந்தார். அந்த ஒன்றரை வருஷம் ஸ்டெல்லா மேல் கை படவில்லை. அவரும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

மூன்றாம் வருஷம், இந்த மையங்களுக்குத் தொடர்ந்து பணம் கொடுக்கலாமா என்று பார்க்க சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நாம் எல்லாரும் கோயிலுக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு போனோம். நான் தொப்பியோடு முன்னால் உட்கார்ந்தேன். "இங்கே என்ன மாதிரிப் பிரச்சினைகள் வருதும்மா?" என்று கேட்டார். தலைவி நான், எழுந்து நின்றேன். வெளியூர் ஆள் முன்னால் நம் தெருவை விட்டுக்கொடுப்பதா என்பது மட்டும்தான் மனசில் இருந்தது. "எங்க தெருவுல ஒரு பிரச்சினையும் கிடையாது சார். மாதா புண்ணியத்துல எல்லாரும் ஒத்துமையா இருக்கோம்" என்றேன். எனக்குப் பின்னால் இருந்த பெண்களைக் கேட்டார். ஒவ்வொருத்தியும் "ஆமா சார்" என்றாள். குடம் வைத்துவிட்டுப் போனவர்கள்தான் எல்லாரும்.

அதிகாரி நோட்டைப் புரட்டினார். காணாமல் போன ஆடு, சைக்கிள், மண்ணெண்ணெய்க் கேனுக்கு நடந்த ஒரு சண்டை, எழுதச் சொன்ன அந்த ஒருத்தியின் வழக்கு. "இவ்வளவுதானா?" என்று ஏட்டம்மாவிடம் கேட்டார். ஏட்டம்மா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் ஏதாவது சொல்வேனா என்று பார்த்தார். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

"இவ்வளவுதான் சார்" என்றார்.

அதிகாரி நம்மைப் பாராட்டிப் பேசினார். நாம் கை தட்டினோம். டீயும் தின்ன மக்ரூனும் கொடுத்தோம்.

சில மாதத்தில் உத்தரவு வந்தது. புகார் இல்லாத இடங்களில் மையம் தேவையில்லை, அந்தப் பணம் புகார் நிறைய வரும் இடங்களுக்குப் போகும் என்று. அவர்கள் கையில் இருந்த காகிதப்படி அது சரிதான். அவர்களுக்குக் காகிதத்தைக் கொடுத்தது நாம். மையத்தைப் பூட்டினார்கள். ஏட்டம்மாவை ஆறுமுகநேரிப் பக்கம் மாற்றினார்கள். போகிற அன்று நான், "நீங்களாவது உள்ளதைச் சொல்லியிருக்கலாம்லா?" என்று கேட்டேன். நான்தான் அப்படிக் கேட்டேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பிள்ளைக என்னை நம்பிச் சொன்னது யக்கா. என் ரூமைக் காப்பாத்த அதை எப்படி எடுத்துக் குடுப்பேன்?" என்றார். பிறகு, "செவப்புக் குடத்தைப் பாத்துக்கிடுங்க" என்றார்.

நான் பார்த்துக்கொள்ளவில்லை. அந்த வருஷமே, ஈஸ்டர் நோன்புக்கு முன்னால், என் மகன் அடித்ததில் ஸ்டெல்லாவுக்கு இடது காது போய்விட்டது. இப்போதும் அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் அவள் திரும்ப மாட்டாள். ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்தாள் என்று சொன்னது நான். மகன் இப்போது எங்களோடு இல்லை, வேறு ஊரில் படகில் இருக்கிறான். நானும் அவளும் பேரப்பிள்ளைகளுமாக இருக்கிறோம்.

அவர் சொந்த ஊரான ஏரலுக்கு நானும் ஜெசிந்தாவும் பஸ்ஸில் போனோம். மாலை போட்டோம். அவரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். யூனிபார்ம் இல்லாமல் நான் அவரைப் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் தங்கச்சி, "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டாள். சொன்னோம். "ஓ, அங்கன இருந்தா? உங்க தெருவைப் பத்தி அக்கா அடிக்கடி பேசுவா. ஆனா ஒரு ஆளு பேரு சொன்னது கிடையாது. கேட்டா, பேரு என்னத்துக்குன்னு கடந்துருவா" என்றாள். நாங்கள் இருவரும் எங்கள் பெயரைச் சொல்லவில்லை. காப்பி கொடுத்தார்கள், குடித்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜெசிந்தா அழுதாள். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். உப்பளம் வந்தது, போனது.

அடுத்த பதினைந்து நாளில்தான் சமூகக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். அரசாங்கம் மறுபடியும் இந்த மையங்களுக்குப் பணம் ஒதுக்கப்போகிறதாம், எந்தத் தெருவுக்குத் தேவை என்று சனங்கள் சொல்ல வேண்டுமாம். அதற்கு முந்தின நாள், மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஸ்டெல்லாவிடம், அவளுடைய வலது பக்கம் போய் உட்கார்ந்து கேட்டேன். "ஏளா, நாளைக்கு உன் விஷயத்தைச் சொல்லட்டா?" அவள் கையை நிறுத்தவில்லை. "சொல்லுங்க மாமி. தெருவுல எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தது நீங்க ஒருத்திதான்" என்றாள். அடுத்த மீனை எடுத்துக்கொண்டே, "எழுதினாலும் எழுதுங்க" என்றாள். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

கூட்டத்தில் வந்திருந்த அம்மா, "இங்கே என்ன பிரச்சினை?" என்று கேட்டார். அதே கேள்வி. பெண்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் எழுந்து, "என் மகன் என் மருமகளை அடிச்சான். காது போச்சு. நான் பாத்துக்கிட்டு இருந்தேன். எழுதிக்கிடுங்க" என்றேன். "பேரெல்லாம் வேண்டாம் பாட்டி, பொதுவாச் சொன்னாப் போதும்" என்றார் அவர். "பொதுவாத்தான் ஒரு தடவை சொன்னேன். ரூமைப் பூட்டிட்டாங்க" என்றேன். அவர் எழுதினார். என் பெயரை எழுதினார், என் மகன் பெயரை எழுதினார். பிறகு ஜெசிந்தா எழுந்தாள். அவளுக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர். மற்றவர்கள் எழவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

பணம் வருமா, பூட்டைத் திறப்பார்களா என்று தெரியாது.

ஏட்டம்மாவிடமிருந்து உங்களுக்கெல்லாம் குழாய் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. என்னிடம் இருப்பது "இவ்வளவுதான் சார்" என்று அவர் சொன்ன ஒரு பொய். எனக்குத் தெரிந்து, யூனிபார்மில் நின்று அவர் சொன்ன பெரிய பொய் அது ஒன்றுதான். என் வீட்டை மூடி வைக்கத் தன் ரூமைக் கொடுத்துச் சொன்னது. அதை அழித்து உண்மையை எழுத வைத்தாகிவிட்டது. அவர் உயிரோடு இருந்தபோது ஏரலுக்கு பஸ் இருந்தது, நான் போகவில்லை.