சின்னத் தொகைதானே, மிஸ்

இன்று காலை கண்டியில், என் வங்கியில், மூன்றாவது தடவையாக அதே கதிரையில் போய் உட்கார்ந்தேன்.

இத்தாலியிலிருந்து தம்பி மாதாமாதம் யூரோ அனுப்புகிறான். அனுப்புகிற, பெறுகிற இரண்டு பக்கக் கட்டணத்தையும் அங்கேயே கட்டிவிடுகிறான். அப்படியிருந்தும் இங்கே மூன்று மாதமாகப் பணம் குறைந்துதான் வருகிறது.

அவனுடைய ரசீதையும் என் முறைப்பாட்டுக் கடிதத்தையும் மேசையில் வைத்தேன். "எல்லாக் கட்டணமும் கட்டியாச்சுன்னு இதுல இருக்கு. பிறகு எதுக்கு வெட்டுறீங்க?"

"சின்னத் தொகைதானே, மிஸ். எல்லாருக்கும் வெட்டுறதுதான்," என்றார் அதிகாரி, பக்கத்து ஊரான அக்குறணையைச் சேர்ந்த பெண்.

"சின்னத் தொகைன்னா திருப்பிப் போடுங்க. இல்லன்னா ஏன் வெட்டினீங்கன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாங்க. அதுவரைக்கும் எழும்ப மாட்டேன்."

கையெழுத்து என்றதும் மனேஜரிடம் ஓடினார். ஒரு மணித்தியாலத்தில், வெட்டியது முழுவதும் என் கணக்குக்குத் திரும்பி வந்தது.

நான் எழும்பும்போது மெதுவாகக் கேட்டார்: "அக்கா, அந்தக் கடிதத்துல ஒரு கொப்பி தருவீங்களா? என்ட ஹஸ்பண்ட் ஜெர்மனியில. எங்கட வீட்டு லோன் வேற பேங்க்ல, அவர் அனுப்புற சல்லியும் அங்கதான் வருது. அவங்களும் வெட்டுறாங்க."

கொடுத்துவிட்டேன்.

அந்த மற்ற வங்கிக்காரர்கள் யாராவது இதை வாசித்தால், அவருக்காக ஒரு கதிரையைத் துடைத்து வையுங்கள்.