கால்வாயைத் தாண்டிய சாவி

என் பெரியண்ணனின் மூன்றாவது மருமகளுக்கு எங்கள் வீட்டில் அணில் என்று பெயர். கல்யாணமாகி வந்த முதல் மழையிலேயே கூரை ஏறி ஓடு மாற்றியவள். அப்புறம் மின்சாரத் துறையில் சேர்ந்து மின்கோபுரமே ஏற ஆரம்பித்துவிட்டாள். “இவளைத் தரையில பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு” என்பாள் என் அண்ணி.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் வேறு ஆட்சி. அங்கே காற்றாலை, இங்கே சூரியத் தகடு. பகலில் நம் மின்சாரம் அங்கே போகும். பொழுது சாய்ந்தால் அவர்களுடையது இங்கே வரும். தலைவர்கள் முறைத்துக்கொண்டதில் பாலத்தை மூடினார்கள், கம்பி மட்டும் மிஞ்சியது. அந்த நேரம் பார்த்துச் சூறைக்காற்றில் எங்கள் கரைக் கோபுரத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் உடைந்தது. நீதான் உடைத்தாய் என்று இரு பக்கமும் கத்தின. சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் ஒப்பந்தமே ரத்து என்றார்கள்.

ஏற அணில் தயார். ஆனால் கம்பியின் மறுமுனை சுவிட்ச் அங்கே இருக்கிறது. ஏறுகிறவர் அதை அணைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வதுதான் வழக்கம். மூடிய பாலத்தில் எப்படிப் போவது?

அந்தப் பக்கத்து சுவிட்ச்காரரை அவள் பார்த்ததே இல்லை. ஆறு வருஷமாகப் போனில் மட்டும் அண்ணன்.

“நானே பூட்டிட்டேன் தங்கச்சி. ஒரே சாவிதான். கரைக்கு வா, வீசுறேன்.”

“உங்க கை நேரா வருமா அண்ணே?”

“நான் மாங்காய்க்கு எறிஞ்சா பக்கத்து வீட்டு ஜன்னல் உடையும். நீதான் பாத்துப் பிடிக்கணும்.”

அவள் புருஷன் குறுக்கே வந்து நின்றான். “அந்தப் பக்கத்து ஆளை நம்பியா ஏறப் போற?”

“சாவி என்கிட்ட இருக்கறப்போ எவன் சுவிட்ச் போடுவான்? போய் சோத்தை மூடி வைங்க, வந்து சாப்பிடணும்.”

சுவிட்ச்காரர் ரப்பர் பந்தைக் கீறி, சாவியைத் திணித்து எறிந்தார். இரு கரைக் காவலர்களும் துப்பாக்கியைத் தூக்கினார்கள். “பந்து ஐயா, பந்து!” என்று நாங்கள் கத்தினோம். அணில் தலைக்கவசத்தைக் கழற்றி அதிலேயே பிடித்தாள்.

புதுப் பீங்கானை மாட்டி அவள் இறங்கியபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. இனி சாவி திரும்பிப் போக வேண்டும். தண்ணீரில் விழுந்தால், பூட்டை அறுப்பதற்குள் இருட்டிவிடும், ஒப்பந்தம் போய்விடும். அணில் எறிந்தாள். சுவிட்ச்காரர் விரலில் பட்டு நழுவிச் சரிவில் உருண்ட பந்தை, பாய்ந்து விழுந்து பிடித்தான் அந்தக் கரைக் காவலன்! இரண்டு கரையும் விசிலடித்தன.

பொழுது இறங்குமுன் அவர்கள் காற்று எங்கள் அடுப்படியில் வெளிச்சமாக வந்தது. ஒப்பந்தம் இன்றும் நிற்கிறது.

“எரியுதா தங்கச்சி?” என்று போன் வந்தது.

“ஜோரா எரியுது அண்ணே. அடுத்த தடவை எறியறதையும் அந்தக் காவல்காரர்கிட்டயே விட்டுடுங்க!”