தலையணைக்காரரின் பைக்குக்குப் புது மூக்கு

தலையணைக்காரர் வரும்போது பைக்கும் தெரியாது, அவரும் தெரியமாட்டார். வெள்ளை மேகம் ஒன்று வழி தவறித் தெருவில் இறங்கி, ஹாரன் அடித்துக்கொண்டு வருவது போல இருக்கும். இரண்டு பக்கமும் கயிற்றில் கோத்துத் தொங்கும் தலையணைகள், பின்னால் கோபுரமாக இன்னும் கொஞ்சம். முன்னால் ஒரு மூக்கும் இரண்டு கண்ணும் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். அவருக்கும் கோபுரத்துக்கும் நடுவில், ரொட்டிக்குள் வைத்த ஆம்லெட் மாதிரி நசுங்கி உட்கார்ந்திருப்பது அவர் மனைவி. மடியில் தலையணை உறைகள் நிறைந்த பை. கணவர் பஞ்சு அடைப்பார், மனைவி உறை தைப்பார். கொண்டுபோய்க் கொடுத்த இடத்திலேயே உறையை மாட்டிவிட்டு வருவதுதான் அவர்கள் வழக்கம்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. உப்பு ஜாடியில் பஞ்சு, சீப்பில் பஞ்சு, சுவர்க்கடிகாரத்துக்குள்ளும் பஞ்சு. தலையணைக்காரர் ஒரு தும்மல் போட்டால் எதிர்வீட்டு மாடியில் பனி பெய்யும். அந்தச் சின்ன பைக்கும் அதே அறையில்தான் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே படுத்துத் தூங்கும். அது தூங்கி எழுந்ததே தவிர, அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் இதுவரை பார்த்ததில்லை. "கம்பெனிக்காரன் மூடி அனுப்பினதை நாம ஏன் திறக்கணும்?" என்பது தலையணைக்காரரின் கொள்கை.

சமதரையில் பைக் சிங்கம். மேட்டுத் தெரு வந்தால் நோயாளி. மேட்டின் அடியில் ஒரு விளக்குக் கம்பம் உண்டு. அங்கே வந்ததும் யாரும் சொல்லாமலே மனைவி இறங்கிவிடுவார். இவர் முதல் கியரில் முக்கி முனகி ஏறுவார். மனைவி கைவீசி நடந்து மேலே போய்ச் சேர்ந்து, ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து, அந்த வீட்டம்மாவிடம் முழுக் குடும்பக் கதையும் கேட்டு முடித்த பிறகுதான் மேகம் மெதுவாகத் தலைகாட்டும். ஒருமுறை ஒரு நத்தை அவரை முந்திப் போனதாக ஊரில் பேச்சு. நத்தை ஹாரன் அடித்துத்தான் முந்தியது என்பது மட்டும் பொய்.

மேட்டின் உச்சியில் இருக்கும் தங்கும் விடுதிதான் அவர்களுடைய பெரிய வாடிக்கை. போன தடவை தலையணை போய்ச் சேர்வதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் செருப்பைத் துண்டில் சுற்றித் தலைக்கு வைத்துத் தூங்கினார்களாம். மேனேஜரம்மா கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்:

"சனிக்கிழமை மத்தியானம் பஸ் வருது. பஸ்ஸுக்கு முன்னாடி முப்பது தலையணை வந்தா நீங்க. பஸ்ஸுக்கு அப்புறம் வந்தா வேன்காரர்தான், இனிமே எப்பவும்."

வேன்காரர் ஸ்பான்ஜ் தலையணை விற்கிறவர். அவரிடம் இந்த வாடிக்கை போனால் பட்டறையில் பாதி வேலை போச்சு. தலையணைக்காரருக்குத் தன் சொந்தத் தலையணையிலேயே தூக்கம் வரவில்லை.

மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பிதான். உள்ளங்கையில் ஒரு சாமானைத் தூக்கிக் காட்டினான். சிவப்பாக, கூம்பாக, பளபளவென்று இருந்தது.

"மாமா, இதான் ஏர் பில்டர். ரேஸுக்குப் போற பசங்க போடுறது. பழைய டப்பாவைக் கழட்டி எறிஞ்சுட்டு இதை மாட்டினா வண்டி நல்லா மூச்சு விடும். மேடா? மேடே இவரு வராருன்னு ஒதுங்கி நிக்கும்!"

"எதுல செஞ்சது மச்சான்?"

"சுத்தமான பஞ்சு மாமா."

தலையணைக்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன்டா, என் பல்லிடுக்குல கூட பஞ்சு இருக்கு. எனக்கே பஞ்சு விக்கிறியா நீ?"

"இது வேற பஞ்சு மாமா. படிச்ச பஞ்சு."

மனைவிக்கு விஷயம் தெரிந்ததும் தையல் மெஷின் நின்றது.

"என்னங்க, புதுசு போடுறதுக்கு முன்னாடி பழசைத் திறந்து பாத்தீங்களா?"

"அதுல பாக்க என்னடி இருக்கு?"

"சளி புடிச்சா மூக்கைச் சிந்துவாங்க. மூக்கையே மாத்துறவரை இப்பத்தான் பாக்குறேன்."

"நீ தையல்காரி. அவன் மெக்கானிக்."

"அவனுக்கு மூக்கு சிந்திவிட்டு வளத்தவளே நான்தாங்க!"

பலிக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தம்பி வந்து, பக்கத்து மூடியைக் கழற்றி, பழைய டப்பாவை உருவி, புதுக் கூம்பை மாட்டி, கார்பரேட்டர் திருகை இரண்டு திருப்பு திருப்பினான். கிக்கரை உதைத்ததும் பைக் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் குடையோடு வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். தலையணைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மீசையை முறுக்கப் பார்த்தார். மீசையிலும் பஞ்சு.

பழைய டப்பாவை யாருக்காவது தள்ளிவிடலாம் என்று தம்பி தன் பைக்கின் பையில் போட்டுக்கொண்டான். அதற்குள் இருந்த ஸ்பான்ஜ் வடிகட்டியை மட்டும் அக்கா பிடுங்கி வைத்துக்கொண்டார். ஸ்பான்ஜா அது? கம்பளி போர்த்திய எலி மாதிரி இருந்தது. அதன்மேல் அப்பியிருந்த பஞ்சை உரித்து ஒரு பக்கம் வைத்தார். உறைகளோடு சேர்த்துச் சோப்புப் போட்டு அலசி, கொடியில் காயப்போட்டு, தையல் மெஷின் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டுப் பிழிந்து, உறைப் பையிலேயே போட்டுவைத்தார்.

சனிக்கிழமை முப்பது தலையணையோடு மேகம் கிளம்பியது. தன் கைவேலையைக் கண்ணால் பார்க்கத் தம்பியும் பின்னாலேயே வந்தான். சமதரையில் பைக் உறுமிக்கொண்டு பறந்தது. விளக்குக் கம்பத்தில் மனைவி இறங்கினார். "இன்னைக்கு நீ எனக்குப் பின்னாடிதான்டி!" என்று கத்திவிட்டு இவர் மேட்டைப் பிடித்தார்.

கால்வாசி மேடு அற்புதம். அப்புறம் பைக் "ஹுப்" என்றது. எதையோ விழுங்கியது போல. உடனே மூச்சு நின்றது.

உதைத்தார். உதைத்தார். கால் தேய்ந்து செருப்பு பெரிதாகும் அளவுக்கு உதைத்தார். தம்பி ஓடிவந்து பெட்ரோலைப் பார்த்தான், பிளக்கைப் பார்த்தான், வானத்தையும் பார்த்தான். ஒன்றும் புரியவில்லை. மனைவி நடந்து வந்து சேர்ந்து, குனிந்து பார்த்துவிட்டு, நடுத்தெருவிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

பக்கவாட்டில் தொங்கிய ஒரு தலையணையைப் புது பில்டர் இழுத்துத் தன் மூஞ்சியில் அப்பிக்கொண்டிருந்தது. டப்பா இருந்தவரை மூச்சு விடும் ஓட்டை உள்ளே பத்திரமாக ஒளிந்திருந்தது. இப்போது திறந்த மூக்கு. பக்கத்திலேயே தலையணை. ரேஸ் பசங்களில் யாரும் தலையணை ஏற்றிக்கொண்டு ரேஸுக்குப் போனதில்லை. அதனால் இது மெக்கானிக்குக்கும் தெரியவில்லை.

"என்னடா தம்பி, படிச்ச பஞ்சு படிக்காத பஞ்சோட ஒட்டிக்கிச்சே!"

"அக்கா, கிண்டல் பண்ணாதே. தலையணையைப் பிரிச்சு விட்டுட்டா ஓடும்."

"மறுபடியும் இழுத்துக்கும். டப்பா எங்க?"

"பையில..."

"எடு. மாட்டு."

"டப்பா வெறும் டப்பாக்கா. உள்ள வடிகட்டி வேணும்ல?"

அக்கா உறைப் பைக்குள் கையை விட்டு, சலவை செய்த ஸ்பான்ஜை நீட்டினார். கூடவே ஒரு குட்டித் தலையணையும் வந்தது. எறும்புக்குக் கல்யாணமானால் சீராகக் கொடுக்கலாம், அவ்வளவுதான் அளவு.

"இது உனக்கு. உன் மாமா வண்டி வயித்துல இருந்து எடுத்த பஞ்சு. வண்டிக்கடியில படுத்து வேலை பாக்கும்போது தலைக்கு வெச்சுக்கோ."

தலையணைக்காரர் மேட்டு உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அவருக்கு அது பஸ்ஸாகவே கேட்டது. "சீக்கிரம்டா மச்சான், சீக்கிரம்!" என்று ஒற்றைக்காலில் நின்று தவித்தார். தம்பி கடைசித் திருகை முடுக்குவதற்குள் கிக்கரை உதைத்துவிட்டார்.

சத்தமே இல்லை. நின்றுபோச்சோ என்று பயந்தே போனார். அப்புறம்தான் பழைய பைக்கின் பழைய குரல் என்று புரிந்தது. கியரைப் போட்டார். மேடு அப்படியே சாய்ந்து படுத்துவிட்டது போலப் பைக் வழுக்கிக்கொண்டு ஏறியது. இரண்டாவது கியரில்!

"பாத்தியாடி! இதுக்குப் போய் மூக்கை மாத்தச் சொன்னான் உன் தம்பி. நீ சொன்னதைக் கேட்டிருக்கணும். தப்பு என் பேர்லதான், ஒத்துக்கிறேன். இன்னைக்கு முதல் தடவையா உன்னை உக்கார வெச்சே மேடேத்திட்டேன், சந்தோஷமா?" என்று வழிநெடுகப் பேசிக்கொண்டே போய் விடுதி வாசலில் நிறுத்தினார். வாசலில் மேனேஜரம்மா. பஸ் இன்னும் வரவில்லை.

"பரவாயில்லையே, வந்துட்டீங்க! உறையெல்லாம் எங்க?"

"இதோ, பின்னாடி வீட்டுக்காரி மடியில" என்று திரும்பினார்.

பின்னால் தலையணை இருந்தது. வீட்டுக்காரி இல்லை. கீழே பாதி மேட்டில், தோளில் பையோடு, தம்பி பைக்கில் ஏறச் சொல்லிக் கெஞ்சுவதைக் காதிலேயே வாங்காமல், அவர் கைவீசி நடந்து வந்துகொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மேட்டில் இன்றைக்குத்தான் அவர் இரண்டாவது.

தலையணைக்காரர் மறுபடி பைக்கில் ஏறி அழைத்துவரக் கீழே இறங்கினார். பக்கத்தில் போய் நிறுத்தி, "ஏறுடி" என்றார்.

"ஒத்துக்கிட்டேன்னு என்னமோ சொல்லிக்கிட்டே போனீங்களே, ஒன்னும் காதுல விழலை. முதல்ல இருந்து சொல்லுங்க, ஏறுறேன்."

பஸ் வருவதற்குள் சொல்லியாக வேண்டும். தம்பி வேறு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தலையணைக்காரர் தொண்டையைச் செருமினார். பைக்கோ மூச்சு முட்டாமல், நிம்மதியாக ஓடிக்கொண்டே காத்திருந்தது.