நாற்பத்தேழாவது ஆணி

இது நடந்தது. நம்பாதவர்கள் ஒஸ்லோவில் ஐந்தாம் இலக்க மெட்ரோவில் ஏறி, கடைசி நிறுத்தமான வெஸ்ட்லியில் இறங்கி, அடுக்குமாடிக்குக் கீழே வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வரலாம். அங்கே ஒரு அலுமினியப் பெட்டி நிற்கிறது. இடது பக்கச் சுவர், கீழிருந்து இரண்டாவது வரிசை, கடைசி ஆணி. உள்ளே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து என்னைப் பொய்யன் என்று சொல்லுங்கள். தொட்டவர்கள் யாரும் இதுவரை சொல்லவில்லை.

பேய் என்றால் நள்ளிரவு பன்னிரண்டு மணி வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஒஸ்லோவில் டிசம்பர் மாதம் பிற்பகல் மூன்று மணி கடந்து பன்னிரண்டு நிமிடத்துக்கே சூரியன் மறைந்துவிடும். இங்குள்ள பேய்கள் அலுவலக நேரத்திலேயே வேலையை முடித்துக்கொள்ளும்.

குலேந்திரனுக்கு அறுபத்திரண்டு வயது. ஒஸ்லோவில் பஸ் திருத்தும் பட்டறையில் இருபத்தேழு வருடம் தகடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைவேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரேயொரு குறை, எதையும் முடிக்க மாட்டார். வெஸ்ட்லியில், ஒன்பதாம் மாடியில் இருக்கும் அவருடைய வீட்டுக் குளியலறைச் சுவரில் ஒரு டைல் பதினொரு வருடமாக இல்லை. அந்த இடத்தில் அவர் மனைவி பவளம் ஒரு பூப்படத்தை ஒட்டி வைத்திருந்தார்.

பவளம் முப்பத்துமூன்று வருடம் மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்தவர். இந்த நாட்டில் அவர் பார்த்த காட்சிகள் இரண்டு: மெட்ரோச் சுரங்கம், மருத்துவமனை நடைபாதை. அவர் ஓய்வு பெறும் கோடையில் வடமுனைக்குக் கூட்டிப்போய் நடுச்சாமத்துச் சூரியனைக் காட்டுவதாகக் குலேந்திரன் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குத்தான் அந்தப் பெட்டி.

பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றி வைக்கும் சின்ன வீடு அது. கட்டில், அடுப்பு, அலுமாரி எல்லாம் உண்டு. வெளியே முழுக்க அலுமினியத் தகடு, ஆகாய விமானம் மாதிரி வரிசை வரிசையாக ஆணி அறைந்தது. 1968இல் அமெரிக்காவில் செய்தது. டெக்சாஸில் எண்ணெய்க் கிணற்று வேலை பார்த்த எட்வேட் என்ற நோர்வேக்காரர் அதைக் கப்பலில் தன் ஊரான ஸ்தவாங்கருக்குக் கொண்டுவந்தார். எண்பத்தெட்டு வயதில் குலேந்திரனுக்கு விற்றார்.

பவளம் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “கடைசி ஆணி வரைக்கும் முடிச்சாப் பிறகு கூப்பிடுங்கோ. அரைகுறையிலை நான் ஏறமாட்டன்.”

ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக்கில் பவளத்தின் கடைசித் தம்பி சற்குணத்தின் வீட்டுக்குப் பின்னால் உயரமான கொட்டில் ஒன்று இருந்தது. அத்தானும் மச்சானும் பெட்டியை அங்கே வைத்துப் பிரித்தார்கள். உக்கிய மரச்சட்டங்களை மாற்றினார்கள். கூரையில் சூரியத் தகடு, கட்டிலுக்குக் கீழே லிதியம் பற்றரி, டீசல் சூடாக்கி. எல்லாம் புதிது. ஆணி மட்டும் பழைய முறை.

அந்த முறையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். வெளியே ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் ஆணியின் தலையில் அடிப்பார். உள்ளே ஒருவர் அதன் வாலில் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிப்பார். வால் நசுங்கித் தட்டையாகும். தனியாளால் முடியாது. நடுவில் தகடு இருப்பதால் முகம் தெரியாது. காதுக்குக் காப்பு போட்டிருப்பதால் பேச்சும் கேட்காது. ஆகவே உள்ளே இருப்பவர் தகட்டில் தட்டுவார். வெளியே இருப்பவர் அதைக் கையால் உணர்வார். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு தட்டு என்றால் இன்னும் அடி. இவர்களுக்குள் இந்த இரண்டும்தான். மூன்று தட்டு என்று ஒன்று இருக்கவில்லை.

டிசம்பர் பதினொன்று, வியாழக்கிழமை. இடது சுவரில் மிஞ்சியது ஒரே வரிசை. நாற்பத்தேழு துளைகள். வெளியே சைபருக்குக் கீழே ஒன்பது பாகை. சற்குணம் உள்ளே போனான். குலேந்திரன் கொட்டிலின் பின்பக்கம் போய்க் காற்றுக் குழாயை மாட்டிக் காதுக்காப்பைப் போட்டுக்கொண்டு சுவருக்கு வந்தபோது கொட்டில் யன்னலில் இருந்த வெளிச்சம் போனது.

நேரம் 3:12.

“மச்சான், பிடிச்சிட்டியோ.” கேட்காது என்று தெரிந்தும் பழக்கத்தில் கேட்டார்.

டக்.

அடித்தார். டர்ர்ர்ர்... டக். அடுத்தது. டர்ர்ர்ர்... டக்.

வேலை நன்றாகப் போனது. அதுவே முதல் பிழை. சற்குணம் ஐந்து ஆணிக்கு ஒருமுறை நாரி நோகுது என்று வெளியே வருபவன். அன்று வரவில்லை. தட்டும் வேறு மாதிரி இருந்தது. இரும்பு படுகிற அதிர்வு இல்லை. விரல் மொளியால் தட்டுகிற மாதிரி, மெதுவாக.

பதினேழாவது ஆணி.

டக்... டக்... டக்.

“என்ன மச்சான், புதுச் சட்டமோ.”

குலேந்திரன் டோர்ச்சை அடித்துப் பார்த்தார். ஆணித் தலையில் மயிரளவு வெடிப்பு. துளைத்துக் கழற்றிவிட்டு வேறொன்று வைத்து அடித்தார்.

டக்.

முப்பதாவது ஆணியில் கையுறையைக் கழற்றினார். அந்தக் குளிரில் தகட்டைத் தொட்டால் தோல் ஒட்டும். ஒட்டவில்லை. துளைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு இளஞ்சூடாக இருந்தது.

அடுத்த துளையைத் தொட்டார். சூடு அவருக்கு முந்தி அங்கே போயிருந்தது.

நாற்பத்தாறு முடிய 4:04. நாற்பத்தேழாவதில் துப்பாக்கியை வைத்தார்.

கொட்டில் கதவு திறந்தது.

சற்குணம். தலையில் பனி. தோளில் நித்திரையாகிப்போன அவன் மகள் சோபிகா.

“குறை நினையாதேங்கோ அத்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு பாலர் பள்ளியிலை இருந்து போன் எடுத்தவை. மெசேஜ் போட்டனானே.”

குலேந்திரன் போனைப் பார்த்தார். மெசேஜ் வந்த நேரம் 3:09.

சற்குணம் தன் குளிர்ச்சட்டைப் பையைத் தடவி, இரும்புக் கட்டையை எடுத்து நீட்டினான். “அவசரத்திலை இதையும் கொண்டுபோயிட்டன்.” பிறகு சுவரைப் பார்த்தான். “தனியவோ அடிச்சனீங்கள்?”

“ஓம்... ஒரு மாதிரி.”

“ஒண்டு மிச்சம் இருக்கு.”

“பிறகு பாப்பம்.”

“அதுதானே பாத்தன். கடைசியை விடாட்டில் உங்களுக்கு நித்திரை வராது.” பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டான்.

குலேந்திரன் டோர்ச்சோடு பெட்டிக்குள் ஏறினார்.

யாரும் இல்லை.

நாற்பத்தாறு வால்களும் ஒரே அளவில் தட்டையாகியிருந்தன. கிட்டப் போனார். ஒவ்வொன்றிலும் மெல்லிய கோடுகள். வளைந்து வளைந்து, நடுவில் ஒரு சுழி.

பெருவிரல் ரேகை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன், 6:40க்கு, எட்வேட்டுக்குப் போன் எடுத்தார். உங்கள் பெட்டியில் யாராவது செத்தார்களா என்று மரியாதையாகக் கேட்க நோர்வேஜிய வகுப்பில் படிப்பிக்கவில்லை. ஒருவாறு கேட்டார்.

“இல்லை. ஏன்?”

சொன்னார்.

“எத்தனை தட்டு?”

“ஒன்று. பதினேழாவதில் மட்டும் மூன்று.”

“மூன்று என்றால் ஆணி கெட்டது, கழற்று என்று அர்த்தம்,” என்றார் எட்வேட். “எழுபத்தெட்டில் நானும் இங்கெபோர்க்கும் அதே சுவரைத் திருத்தினோம். நான் வெளியே, என் மனைவி உள்ளே. மூன்று தட்டு அவள் வைத்த சட்டம். வேறு யாருக்கும் தெரியாது.”

“அவர்... எப்போது இறந்தார்?”

“இறக்கவில்லை. முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். நான்கு வருடமாகப் பேச்சு இல்லை. இந்த மாதம் சாப்பாடும் இல்லை. கிறிஸ்மஸ் வரை தாங்க மாட்டாள் என்றார்கள். இன்று திடீரென்று எழுந்து உட்கார்ந்து, பெருவிரலைச் சுவரில் வைத்து அழுத்தத் தொடங்கினாளாம். தாதி நேரத்தை எழுதி வைத்திருக்கிறார். மூன்று பன்னிரண்டிலிருந்து நான்கு மணி நான்கு நிமிடம் வரை. விரல் கறுத்துப்போயிற்று. பிறகு பேசினாள்.”

“என்ன சொன்னார்?”

“இன்னும் ஒன்று இருக்கிறது என்றாள். சூப் கேட்டாள்.” கிழவர் மூச்சு விட்டார். “சுவரில் எத்தனை மிச்சம்?”

“...ஒன்று.”

“அதை அடிக்காதே. நான் உன்னிடம் கேட்பது இது மட்டும்தான்.”

குலேந்திரன் அந்தத் துளைக்கு ஒட்டுப் பட்டி ஒட்டினார். இரும்புக் கட்டையை வெஸ்ட்லிக்குக் கொண்டுவந்து, அலுமாரியில் தன் குளிர்காலக் காலுறைகளுக்கு அடியில் ஒளித்தார். ஒவ்வொரு ஞாயிறும் மாலை ஆறு மணிக்கு எட்வேட்டிடமிருந்து ஒரே ஒரு சொல் வரும். ‘சாப்பிட்டாள்.’ ஜனவரி, பெப்ரவரி, மார்ச். சாப்பிட்டாள், சாப்பிட்டாள்.

மே மாதம் பெட்டி முடிந்தது. அந்த ஒரு துளையும், அதற்கு உட்புறம் பலகை போடாமல் விட்ட கையகல இடமும்தான் மிச்சம். பவளம் வந்து பார்த்தார். மருத்துவமனைத் தரையில் ஒரு பொட்டுக் கறையைத் தேடிப்பிடித்த கண்கள். நேரே அங்கே போய் நின்றார்.

“இது என்ன?”

“பிறகு அடிக்கலாம்.”

“குளியலறைக்கும் இதைத்தான் சொன்னனீங்கள்.”

அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து லண்டனில் இருக்கும் தங்கைக்குப் போன் எடுத்து, ஜூன் இருபதுக்கு அங்கே வருவதாகச் சொன்னார். குலேந்திரன் கேட்டுக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் பவளம் அந்தப் பெட்டியில் கால் வைக்க மாட்டார். சொல்லாவிட்டால் லண்டனுக்குப் போய்விடுவார். அடித்தால் ஸ்தவாங்கரில் ஒரு கிழவி சூப்பை நிறுத்திவிடுவார். மனிதர் மெலிந்துபோனார்.

ஜூன் பதினான்கு, ஞாயிறு. நல்ல வெயில். பவளம் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார். 3:20க்குச் சற்குணத்தின் போன்.

“அத்தான், உங்கடை கடைசி ஆணியை அடிச்சு முடிச்சாச்சு. இனி அக்காவைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுங்கோ.”

குலேந்திரன் எழுந்து நின்றார். “ஆர் உள்ளுக்கை பிடிச்சது?”

“அக்காதான். உங்களுக்குத் தெரியாமல் முடிப்பம், தான் வந்து பிடிக்கிறன் எண்டு சொன்னவ. நான் போகேக்கை உள்ளுக்கை பலகை கிறீச்சிட்டுது. பிடிச்சிட்டீங்களோ எண்டு கேட்டு அடிச்சன். ஒருக்காத் தட்டினவ.”

குலேந்திரன் திரும்பிப் பார்த்தார். பவளம் அகப்பையோடு நின்றார்.

“நாலு மணி பஸ்ஸிலை போவம் எண்டு இருந்தனான்,” என்றார் பவளம்.

குலேந்திரன் அலுமாரியைத் திறந்தார். காலுறைகளுக்கு அடியில் கட்டை இருந்தது.

“மச்சான்... எத்தினை மணிக்கு அடிச்சனீ?”

“மூண்டு பன்னிரண்டு. ஏன்?”

“கட்டை இஞ்சை இருக்கு.”



“அப்ப அக்கா என்னத்தாலை பிடிச்சவ?”

“பெட்டிக்குப் பக்கத்திலை நிக்காதை. வீட்டுக்குள்ளை போ.”

ஆறு மணிக்குச் சொல் வரவில்லை.

6:07க்குப் போன் அடித்தது. எட்வேட்.

“மன்னித்துவிடுங்கள்,” என்றார் குலேந்திரன். “எனக்குத் தெரியாமல் அடித்துவிட்டார்கள். மூன்று பன்னிரண்டுக்கு. அதனால்தான் அவர்...”

“அதனால் இல்லை,” என்றார் கிழவர். “அவள் இன்று காலை ஆறரைக்கே போய்விட்டாள். மூன்று மணிக்கு அவள் குளிர் அறையில் இருந்தாள். நான்கு மணிக்கு உடை மாற்ற வந்தவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வலது பெருவிரல் ஏன் புதிதாகக் கறுத்திருக்கிறது என்று. நகத்துக்குள் வெள்ளித் தூள் எப்படி வந்தது என்று.”

எட்வேட் திரும்பவும் அதையே கேட்டார்.

“எத்தனை தட்டு?”

“ஒன்று.”

“அப்படியானால் சரி,” என்று எட்வேட் போனை வைத்தார்.

அன்றைக்கே குலேந்திரன் பவளத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். அடுத்த நாள் இருவரும் லோறென்ஸ்கூக் போனார்கள். கொட்டிலுக்குள் இருபத்தாறு பாகை. பவளம்தான் முதலில் பெட்டிக்குள் ஏறினார். நாற்பத்தேழாவது ஆணியின் வாலிலும் அதே ரேகை. அந்த ஒன்றின்மேல் மட்டும் வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது. பவளம் தொட்டுவிட்டு விரலை இழுத்துக்கொண்டார்.

குலேந்திரன் வாசலில் நின்றார். இனி இவர் லண்டன்தான் என்று நினைத்தார்.

“அந்த மனிசி செத்தும் வந்து முடிச்சிருக்கிறா,” என்றார் பவளம். “உங்களுக்குச் சீவனோடை ஏலாமல் இருக்கு. வண்டியை எடுங்கோ.”

போனார்கள். வடமுனையில் நடுச்சாமத்துச் சூரியனைப் பார்த்தார்கள். பவளம் ஒரு மணிநேரம் வாய் திறக்காமல் பார்த்தார். பெட்டிக்குள் ஒரு சத்தமும் கேட்கவில்லை. உறைபனி மட்டும் கரையவில்லை. இன்றைக்கும்தான்.

ஜூலை ஒன்பது, மாலை 5:25க்கு வெஸ்ட்லிக்குத் திரும்பினார்கள். வீடு பூட்டியபடி இருந்தது. இரண்டு திறப்புகளும் அவர்களிடம்தான். பவளம் முகம் கழுவக் குளியலறைக்குப் போனார்.

“இஞ்சை ஒருக்கா வாங்கோ.”

பூப்படம் நாலாக மடித்துக் கைகழுவும் தொட்டிமேல் வைக்கப்பட்டிருந்தது.

அது இருந்த இடத்தில் டைல் இருந்தது. சுற்றிவரச் சீமெந்து இன்னும் ஈரம்.

ஈரத்தில் ஒரு பெருவிரல்.

அந்தச் சுவருக்கு அங்கால் வேறு வீடு இல்லை. ஒன்பதாம் மாடி. வெறும் ஆகாயம்.

இருவரும் நின்றார்கள்.

5:31.

அங்காலிருந்து...

டக்.