கல் வைக்க மறுத்த சபை

பழனியாண்டி ஒரு மேசன், கட்டடம் கட்டும் கொத்தனார். இலங்கை மலையகத்தில் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், வேலையும் அங்கேதான். வீட்டுத் திட்டங்களுக்கென்று பெரிய மனிதர்கள் நாட்டிய நான்கு அடிக்கற்களுக்குச் சாந்து குழைத்திருக்கிறார். ஒன்றில் மட்டும் வீடுகள் எழும்பின. அவர் குடியிருந்த லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின், பின்சுவர் மண்சரிவில் போய் ஐந்து வருடம். அன்றிலிருந்து அவரும் மனைவி காளியாயியும், முன்பு குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பழைய பிள்ளைமடுவத்தில் இருக்கிறார்கள்.

ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினர்கள் தோட்டம் பார்க்க வருகிறார்கள் என்றதும், தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் சுதாகரன் ஐந்தாவது கல்லுக்கு ஏற்பாடு செய்தார்.

“வெள்ளைக்காரங்க பார்லிமெண்டுண்ணே. இவங்க கல்லு வச்சா ஆறு மாசத்துல ஒங்களுக்கு வீடு.”

பழனியாண்டி குழி வெட்டினார். சாந்துக் கரண்டிக்குப் பூச்சரம் சுற்றினார்.

வந்தவர்களில் மூத்த பெண் கரண்டியைப் பார்த்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மொழிபெயர்க்க வந்திருந்த ஆசிரியை டோரீனிடம் நீண்ட நேரம் பேசினார்.

“இந்தக் கல்ல வைக்க அவங்களுக்கு அதிகாரம் இல்லையாம்,” என்றார் டோரீன். “இருபத்தேழு நாட்டு சனங்க ஓட்டுப் போட்டு அனுப்புன சபை. அந்த நாடுகளுக்குச் சட்டம் போடுறதுல இவங்களுக்குப் பங்கு இருக்கு. நம்ம அரசாங்கத்துக்கு உத்தரவு போட ஏலாது.”

“அப்ப மாலை வாங்கவா வந்தாங்க?” என்றார் காளியாயி. கூட்டம் சிரித்தது. சுதாகரன் முறைத்தார்.

“நம்ம சாமான அங்க வரிச் சலுகையில எடுக்கிறாங்க. அதுக்குப் பதிலா நம்ம நாடு தொழிலாளர் உரிமை, மனுச உரிமைன்னு வாக்குக் குடுத்திருக்கு. அது நடக்குதான்னு பாக்குறாங்க. சலுகைய நிறுத்துறதுன்னாலும் அங்க நிர்வாகம் பண்ற ஆணைக்குழுதான் தொடங்கணும். ஆனா இவங்க எழுத்துல கேள்வி கேட்டா, அந்த ஆணைக்குழு எழுத்துல பதில் சொல்லியே ஆகணும்,” என்றார் டோரீன்.

“சும்மா கை மட்டும் வைக்கச் சொல்லுங்க டீச்சர், போட்டோவுக்கு,” என்றார் சுதாகரன்.

பழனியாண்டி கரண்டியைக் கீழே வைத்தார். வீடு கேட்டுத் தோட்ட ஆபீசுக்குக் கொடுத்த எந்த மனுவுக்கும் அவருக்கு ஒரு வரி பதில் வந்ததில்லை.

“டீச்சர், அந்தக் கேள்விய நான் சொல்லலாங்களா?”

அவர் சொன்னதை டோரீன் மொழிபெயர்த்தார். அந்தப் பெண் எழுதிக்கொண்டார்.

நான்கு மாதம் கழித்து டோரீன் ஒரு தாளைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினார். மண்சரிவில் வீடிழந்த தோட்டக் குடும்பங்கள் பற்றி அந்த உறுப்பினரின் கேள்வி. கீழே ஆணைக்குழுவின் பதில்: இலங்கை அரசுடன் பேசும்போது இதை எழுப்புவோம்.

“வீடு குடுப்பாங்களாமா?” என்றார் காளியாயி.

“இல்ல. கேப்பாங்களாம்.”

மறுநாள் பழனியாண்டி அந்தத் தாளையும் புதிதாக ஒரு மனுவையும் எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். பெரிய கிளாக்கர் தாளை இரண்டு தடவை வாசித்தார்.

“இப்ப என்னா வேணும் மேசன்?”

“மனுவ வாங்குனேன்னு எழுதிக் குடுங்கய்யா. பதில் எப்பன்னும் எழுதுங்க.”

கிளாக்கர் முத்திரை குத்தித் தேதி போட்டார். பதில் எப்போது என்று எழுதவில்லை.

அதை எழுதும்வரை என்று பழனியாண்டி வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தார்.